மைசூருவின் கடைசி இரண்டு கிலோமீட்டர்: பேருந்து வாங்க தில்லி பணம் தரும், ஓட்டுவதற்கு யார் தருவது?

புது தில்லி: தென்னிந்தியாவின் முதல் "வந்தே பாரத்" ரயில் 2022 நவம்பர் 11-ம் தேதி சென்னைக்கும் மைசூருவுக்கும் இடையே தொடங்கப்பட்டது. நான்கே மாதங்களில், 2023 மார்ச் 12-ம் தேதி, பெங்களூரு - மைசூரு இடையிலான 118 கிலோமீட்டர் நெடுஞ்சாலையைப் பிரதமர் மோடி மண்டியாவில் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதற்கான செலவு சுமார் ரூ.8,480 கோடி. மூன்று மணி நேரப் பயணம் 75 நிமிடங்களாகக் குறையும் என மத்திய அரசு அப்போது அறிவித்தது.

ரயிலும் சாலையும் மிச்சப்படுத்தித் தந்த நேரம் மைசூரு நகருக்குள் எங்கே போகிறது என்பது வேறு கதை. ரயிலில் வந்து இறங்குபவர் போகாதிக்கோ, தட்டகள்ளிக்கோ, சுற்றுச்சாலைக்கு அப்பாலுள்ள ஏதேனும் ஒரு புதிய குடியிருப்புக்கோ செல்ல வேண்டுமானால், முதலில் நகரப் பேருந்து நிலையத்துக்கு வர வேண்டும். அங்கிருந்து ஒரு பேருந்து. இறங்கிய இடத்திலிருந்து வீட்டு வாசல் வரை நடை அல்லது ஆட்டோ. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குத் திட்டம் உண்டு. கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு இல்லை.

இந்தக் கடைசித் தூரத்தை நிரப்பக்கூடியவை இணைப்புப் பேருந்துகள். பிரதான தடத்தில் செல்லும் பெரிய பேருந்துக்கு உட்புறத் தெருக்களிலிருந்து பயணிகளைக் கொண்டுவந்து சேர்ப்பதே இவற்றின் வேலை. சொல்வதற்கு எளிது. ஆனால் தனியாகக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் நஷ்டத்தில் ஓடும் சேவை இது என்பதால், எந்தப் போக்குவரத்துக் கழகமும் இதை விரும்பி ஏற்பதில்லை. 

அரண்மனையைச் சுற்றி ஒரு நகரம்:

மைசூரு திட்டமிட்டு வளர்க்கப்பட்ட நகரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நகர மேம்பாட்டுக்கெனத் தனி வாரியம் அமைத்த சமஸ்தானம் அது. அரண்மனையையும் அதையொட்டிய கிருஷ்ணராஜ வட்டத்தையும் மையமாக வைத்து நாலாபுறமும் சாலைகள் விரிந்தன. நகரப் பேருந்துகளும் அதே வழியில் அமைந்தன. பெரும்பாலான தடங்கள் அரண்மனைக்கு அருகிலுள்ள நகரப் பேருந்து நிலையத்தில் தொடங்கி, ஒரு புறநகரைத் தொட்டு, அங்கேயே திரும்பி வருகின்றன.

நகரம் சிறியதாக இருந்தவரை இது போதுமானதாக இருந்தது. சரஸ்வதிபுரம், குவெம்புநகர், விஜயநகர், ஜே.பி.நகர் என அது விரிந்து, சுமார் 42 கிலோமீட்டர் சுற்றுச்சாலையையும் தாண்டிய பிறகு நிலைமை மாறியது. ஹெப்பாள் தொழிற்பேட்டை, இன்ஃபோசிஸ் வளாகம், கல்லூரிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றில் பல அரண்மனைப் பக்கம் இல்லை. புறநகரிலிருந்து மற்றொரு புறநகருக்கு வேலைக்குச் செல்பவர் நகர மையத்துக்கு வந்து பேருந்து மாறிச் செல்ல வேண்டும் என்றால், அவர் முதல் மாதச் சம்பளத்தில் இரு சக்கர வாகனத்துக்கு முன்பணம் கட்டிவிடுவார். அதன் பிறகு அவர் பேருந்துக்குத் திரும்புவதில்லை.

எஞ்சியிருப்பவர்கள் வண்டி ஓட்டத் தெரியாதவர்கள், வாங்க இயலாதவர்கள், ஓட்டும் வயதைக் கடந்தவர்கள் மற்றும் மாணவர்கள். வீட்டு வேலைக்கும், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கும், மருத்துவமனைத் துப்புரவுப் பணிக்கும் செல்லும் பெண்கள் இவர்களில் கணிசமானோர். இரவுப் பணி முடிந்து சுற்றுச்சாலைச் சந்திப்பில் இறங்கும் பெண்ணுக்கு, அங்கிருந்து வீடு வரையிலான இருண்ட சாலைதான் அந்த வேலையில் நீடிப்பதா, விட்டுவிடுவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

நிறுத்தம் ஒருவருடையது, பேருந்து வேறொருவருடையது:

இதில் அரசியல் சட்டச் சிக்கலும் ஒன்று உண்டு. 1992-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 74-வது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 12-வது அட்டவணையில் நகராட்சிகளுக்கு உரிய 18 பணிகள் பட்டியலிடப்பட்டுள்ளன. தெருவிளக்குகள், வாகன நிறுத்துமிடங்கள், பொதுக் கழிப்பிடங்கள் ஆகியவற்றோடு பேருந்து நிறுத்தங்களும் அதில் இடம்பெற்றுள்ளன. பேருந்து இடம்பெறவில்லை. அதாவது, பயணி காத்திருக்கும் நிழற்குடை உள்ளாட்சியின் பொறுப்பு. அவர் காத்திருக்கும் பேருந்து மாநில அரசின் பொறுப்பு.

மைசூருவில் இந்தப் பிளவு இன்னும் ஆழமானது. சுற்றுச்சாலையை ஒட்டிய பகுதிகள் அனைத்தும் மாநகராட்சி எல்லைக்குள் வளர்ந்தவை அல்ல. 2020-ல் ஹூட்டகள்ளி நகரசபையாகவும், போகாதி, ஸ்ரீராம்புரா, ரம்மனஹள்ளி, கடகொளா ஆகியவை பட்டணப் பஞ்சாயத்துகளாகவும் ஆக்கப்பட்டன. மனை ஒதுக்கீட்டு விவகாரத்தால் 2024-ல் நாடு முழுவதும் பேசப்பட்ட "மூடா" என்னும் நகர வளர்ச்சி ஆணையமும், தனியார் கூட்டுறவுச் சங்கங்களும் உருவாக்கிய மனைப்பிரிவுகள் இந்தப் பகுதிகளில் ஏராளம். மனை வரும், மின்சாரம் வரும், காவிரி நீருக்குப் போராட்டம் நடக்கும். பேருந்து எல்லாவற்றுக்கும் கடைசியாக வரும். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் அளிக்கும்போதே பேருந்து திரும்புவதற்கான இடத்தை ஒதுக்கச் செய்திருந்தால் பாதிப் பிரச்னை எழுந்தே இருக்காது.

பேருந்தை இயக்கும் கர்நாடக மாநில சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் (கே.எஸ்.ஆர்.டி.சி.) தலைமையகம் பெங்களூருவில் இருக்கிறது. 1948-ல் 120 பேருந்துகளுடன் மைசூர் அரசுப் போக்குவரத்துத் துறையாகத் தொடங்கி, 1961-ல் கழகமாக மாறியது இது. பெங்களூரு நகரப் பேருந்துகளுக்கென 1997-ல் தனிக் கழகம் பிரிக்கப்பட்டது. மைசூருவுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. மாநிலம் முழுவதும் நெடுந்தூரப் பேருந்துகளை ஓட்டும் நிறுவனத்தின் ஒரு கோட்டமாகவே மைசூரு நகரச் சேவை இயங்குகிறது. தசரா நெரிசலைச் சமாளிப்பதில் பெயர் பெற்ற கோட்டம்தான். ஆனால் வருடத்தின் மற்ற நாள்களில் ஒரு குடியிருப்பின் காலை எட்டு மணிப் பேருந்தைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் நகரத்திடம் இல்லை.

பெங்களூருவுக்கு ஒருங்கிணைந்த நிலப் போக்குவரத்து ஆணையத்தை அமைக்க 2022-ல் கர்நாடக சட்டப்பேரவை சட்டம் இயற்றியது. இத்தகைய ஆணையங்களைப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களில் அமைக்க வேண்டும் என்று 2006-ம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை பரிந்துரைத்தது. அரசியல் சட்டத்தின் 243-பி பிரிவும் "பெருநகரப் பகுதி" என்பதற்குப் பத்து லட்சத்தையே அளவுகோலாக வைத்துள்ளது. 2011 கணக்கெடுப்பில் மைசூரு நகர்த்திரள் பத்து லட்சத்தை மயிரிழையில் எட்டவில்லை. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. எனவே, தில்லியின் காகிதங்களில் மைசூரு இன்னும் 2011-ம் ஆண்டு மைசூருதான்.

வணிக நெறியா, கடமையா?

1950-ம் ஆண்டு சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டத்தின் 18-வது பிரிவு, திறமையான, போதுமான, சிக்கனமான, ஒருங்கிணைந்த போக்குவரத்தை அளிப்பது கழகத்தின் கடமை என்கிறது. அதே சட்டத்தின் 22-வது பிரிவு, கழகம் வணிக நெறிகளின்படி செயல்பட வேண்டும் என்கிறது. தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டவை என்பதால் இந்த முரண்பாடு அங்கே எழுத்தில் இல்லை. நடைமுறையில் அங்கும் இதே முரண்பாடுதான்.

இணைப்புப் பேருந்தில் இந்த முரண்பாடு எப்படி வெளிப்படுகிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். ஆறு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு தடம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம். போய்வர 12 கிலோமீட்டருக்கு 48 நிமிடங்கள். இரு முனைகளிலும் தலா 6 நிமிடம் நிறுத்தம். ஆக, ஒரு சுற்று சரியாக ஒரு மணி நேரம். 15 நிமிடத்துக்கு ஒரு பேருந்து வேண்டும் என்றால் நான்கு பேருந்துகள் தேவை. மணிக்கு முழு மணி, கால், அரை, முக்கால் என நேரம் மனதில் பதிந்துவிடும். அட்டவணையைத் தேட வேண்டியதில்லை.

இப்போது உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரின் பரிந்துரையால் தடம் ஒன்றரை கிலோமீட்டர் நீட்டிக்கப்படுகிறது என்று கொள்வோம். ஒரு சுற்று 72 நிமிடங்களாகிறது. அதே நான்கு பேருந்துகளைக் கொண்டு ஓட்டினால் 18 நிமிடத்துக்கு ஒன்று. நேரம் மனதில் நிற்காது. அத்தோடு பிரதான தடப் பேருந்தின் நேரத்தோடு பொருந்தாமலும் போகும். பிறகு "கூட்டம் இல்லை" என ஒரு பேருந்து குறைக்கப்படும். 24 நிமிடத்துக்கு ஒன்று என்றான பின் உண்மையாகவே கூட்டம் இருக்காது. இணைப்புப் பேருந்துகள் நாட்டின் பல நகரங்களிலும் இப்படித்தான் மறைந்தன. எவரும் அவற்றை ரத்து செய்வதில்லை; நீட்டியும் குறைத்தும் மெல்ல மெல்ல இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள்.

வருவாய்க் கணக்கிலும் ஒரு குறை உண்டு. மேற்கண்ட நான்கு பேருந்துகளும் நாளொன்றுக்கு 14 மணி நேரம் ஓடினால் ஒற்றை வழிப் பயணங்கள் 112. பயணம் ஒன்றுக்கு 20 பேர் எனில் 2,240 பேர். அவர்களில் பாதிப்பேர் பெரிய பேருந்துக்கு மாறினால், அந்த 1,120 பேரின் டிக்கெட் வருவாய் பெரிய பேருந்தின் கணக்கில் ஏறும். கிலோமீட்டருக்கு இவ்வளவு வசூல் என்று தடவாரியாகப் பார்க்கும் கழகத்தின் ஏட்டில், பெரிய தடம் லாபம் என்றும் அதை ஊட்டி வளர்க்கும் சிறிய தடம் நஷ்டம் என்றும் பதிவாகும். சிறிய தடம் நிறுத்தப்படும்போது பெரிய தடத்தின் வசூல் ஏன் சரிந்தது என்று எந்த ஏடும் சொல்லாது.

சிறிய பேருந்து என்பதால் செலவு அந்த அளவுக்குக் குறைந்துவிடும் என்ற நம்பிக்கையும் முழுவதும் சரியல்ல. எரிபொருள் குறையும், குறுகிய தெருவில் திரும்பும். ஆனால் ஓட்டுநர் ஒருவர் தேவை, பேருந்து சிறியதோ பெரியதோ. அரசுக் கழகங்களில் செலவின் பெரும்பகுதி ஊதியமாக இருக்கும்போது, 20 இருக்கைகளின் வருவாயில் ஒரு நிரந்தர ஊழியரின் ஊதியத்தை ஈட்டுவது கடினம். 

தமிழகம் இதை வேறு வழியில் அணுகியது. 1997-ல் கருணாநிதி அரசு கொண்டுவந்த மினி பஸ் திட்டத்தில் தனியாருக்கு அனுமதி அளிக்கப்பட்டது. பேருந்தே செல்லாத கிராமங்களைப் பிரதான சாலையோடு இணைப்பதே நோக்கம். ஆனால், அதிகபட்சம் 20 கிலோமீட்டர் தூரத்தில் 16 கிலோமீட்டர் பேருந்தில்லாத சாலையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையால், வசூல் தரும் ஊர் மையம் பலருக்கு எட்டாமல் போனது. பல தடங்கள் காலப்போக்கில் நின்றுபோயின. 2013 அக்டோபரில் ஜெயலலிதா அரசு சென்னையில் அரசே இயக்கும் சிற்றுந்துகளை அறிமுகப்படுத்தியது. 2025 ஜூன் 16-ல் முதல்வர் ஸ்டாலின் தஞ்சாவூரில் தொடங்கிவைத்த புதிய மினி பஸ் திட்டத்தில், தடத்தின் நீளம் 25 கிலோமீட்டராக உயர்த்தப்பட்டு, நிபந்தனை தளர்த்தப்பட்டது.

தலைநகரிலும் இதே முயற்சி நடந்தது. ஆம் ஆத்மி ஆட்சியில் "மொஹல்லா பஸ்" எனப் பெயரிடப்பட்ட 9 மீட்டர் மின்சாரப் பேருந்துத் திட்டம், ஆட்சி மாறிய பின் 2025 மே 2-ல் "தேவி" என்ற பெயரில் 400 பேருந்துகளுடன் தொடங்கப்பட்டது. தடத்தின் நீளம் 12 கிலோமீட்டருக்குள். பெயரை மாற்றுவதில் காட்டிய அக்கறையைத் தட அட்டவணையில் காட்டினால் தில்லிவாசிகள் இரு கட்சிகளுக்கும் நன்றி சொல்வார்கள்.

தில்லியிலிருந்து வந்த திட்டங்கள்:

மைசூருவை மத்திய அரசு புறக்கணித்தது என்று சொல்ல முடியாது. 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் மைசூரு இடம்பெற்றது. 2009-ல் பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க அத்திட்டத்தின் கீழ் நகரங்களுக்குப் பேருந்து வாங்க நிதி அளிக்கப்பட்டபோது மைசூருவும் பயன்பெற்றது. வால்வோ குளிர்சாதனப் பேருந்துகளும் நகரச் சாலைகளில் ஓடின. உலக வங்கியும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் துணைநின்ற திட்டத்தில் 2012-ல் சுமார் 500 பேருந்துகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவிகள் பொருத்தப்பட்டன. நகரப் பேருந்துகளில் இத்தகைய தகவல் ஏற்பாட்டை நாட்டிலேயே முதலில் கண்ட நகரங்களில் மைசூரு ஒன்று. 2017 ஜூனில் "டிரின் டிரின்" என்ற பொது சைக்கிள் சேவை 450 சைக்கிள்களுடன் வந்தது. கடைசித் தூரத்தைக் கடப்பதுதான் அதன் நோக்கமும்.

இவை அனைத்துக்கும் பொதுவான அம்சம் ஒன்று: கல்வெட்டு வைக்கக்கூடிய பொருள்களுக்கு தில்லி பணம் தந்தது. பேருந்து, கருவி, முனையம், சைக்கிள். அவற்றை நாள்தோறும் ஓட்டும் செலவு மாநிலத்தின் தலையில் விழுந்தது. எதிர்த்திசையில், 2013 ஜனவரியில் மொத்தமாக டீசல் வாங்குவோருக்கான விலையை மத்திய அரசு தனியே உயர்த்தியது. தமிழக அரசுப் பேருந்துகள் தனியார் வாகனங்களோடு வரிசையில் நின்று சில்லறை பெட்ரோல் நிலையங்களில் டீசல் நிரப்பிய காட்சி வாசகர்களுக்கு நினைவிருக்கும். பேருந்து வாங்க ஒரு கையால் கொடுத்து, ஓட்டும் டீசலில் மறு கையால் எடுப்பது என்ற கொள்கையை எந்தப் பொருளாதார நிபுணரும் விளக்கவில்லை.

அந்த வகையில் 2023 ஆகஸ்ட் 16-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த "பி.எம். இ-பஸ் சேவா" ஒரு மாற்றம். ரூ.57,613 கோடி மதிப்பீட்டில் மத்திய அரசின் பங்கு ரூ.20 ஆயிரம் கோடி. அரசு - தனியார் கூட்டு முறையில் 10 ஆயிரம் மின்சாரப் பேருந்துகள். மைசூருவுக்கு 100. முக்கியமானது எண்ணிக்கையல்ல, உதவி தரப்படும் முறை. பேருந்து வாங்க அல்லாமல், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பத்தாண்டுகளுக்கு உதவி: 12 மீட்டர் பேருந்துக்கு ரூ.24, 9 மீட்டருக்கு ரூ.22, 7 மீட்டருக்கு ரூ.20. மேற்கண்ட மாதிரித் தடத்தில் 7 மீட்டர் பேருந்து ஒன்று நாளுக்கு 168 கிலோமீட்டர் ஓடினால் ரூ.3,360 தில்லியிலிருந்து வரும். பெரிய பேருந்தைவிடச் சிறிய பேருந்துக்கு உதவி நான்கு ரூபாய் மட்டுமே குறைவு என்பது, தெரிந்தோ தெரியாமலோ, இணைப்புத் தடங்களுக்குச் சாதகமான விதி. இதைப் பயன்படுத்திக்கொள்ளும் நகரங்கள் எத்தனை என்பதுதான் கேள்வி. பெரிய பேருந்துக்கே எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். திறப்பு விழாவில் அதுதான் எடுப்பாகத் தெரிகிறது.

ஒப்பந்ததாரருக்கு ஓடிய கிலோமீட்டருக்குப் பணம். டிக்கெட் வருவாய் அரசுத் தரப்புக்கு. வசூலைத் துரத்தி நிறுத்தத்தில் காத்துக் கிடக்கும் தனியார் மினி பஸ்களின் வழக்கம் இம்முறையில் எழாது. ஆனால் காலியாக ஓடினாலும் பணம் கொடுத்தே ஆக வேண்டும். மாநிலங்கள் கொடுக்காமல் போகலாம் என்ற சந்தேகம் தில்லிக்கு இருந்தது. 2024 செப்டம்பரில் ரூ.3,435 கோடியில் தனியாகப் பணப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அமைச்சரவை ஏற்றது. நிலுவை வைத்தால், ரிசர்வ் வங்கியிலுள்ள மாநில அரசின் கணக்கிலிருந்தே நேரடியாகப் பிடித்துக்கொள்ள மாநிலம் முன்கூட்டி ஒப்புதல் தர வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். கூட்டாட்சி பற்றிப் பேசும் கட்சிகள் இந்தப் பிரிவைப் பற்றி அவையில் இன்னும் சற்று உரக்கப் பேசியிருக்கலாம்.

பூஜ்ய டிக்கெட் சொல்லும் சேதி:

இணைப்புப் பேருந்தின் மிகப் பெரிய எதிரி, இரண்டு முறை டிக்கெட் எடுக்க வேண்டியிருப்பது. குறைந்தபட்சக் கட்டணத்தை இருமுறை செலுத்துவதைவிட நடந்துவிடலாம் என்று பயணி நினைப்பார். பிரேசிலின் குரிடிபா நகரம் 1970-களிலேயே இணைப்புப் பேருந்துகளை முனையங்களில் பெரிய பேருந்துகளோடு சேர்த்தது. பின்னர் ஒரே கட்டணத்தில் மாறிச் செல்லவும் வகை செய்தது. இந்திய நகரங்களில் ஒரே டிக்கெட் பற்றிய பேச்சு நீண்டகாலமாக நடக்கிறது.

கர்நாடகத்தில் பாதிப் பயணிகளுக்கு இந்தப் பிரச்னையை வேறொரு திட்டம் தீர்த்துவைத்துவிட்டது. 2023 ஜூன் 11-ல் சித்தராமய்யா அரசு தொடங்கிய "சக்தி" திட்டத்தின்படி, மாநிலத்துப் பெண்கள் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். இருமுறை மாறினாலும் கூடுதல் செலவு இல்லை. சொந்த ஊரும் பெண்களின் இலவசப் பயணத்தைத் தேர்தல் வாக்குறுதியாகவே பார்த்துப் பழகிய கட்சிகளும் கவனிக்காத ஒன்று உண்டு. நடத்துநர் தரும் ஒவ்வொரு பூஜ்யக் கட்டண டிக்கெட்டும், எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்பதைப் பதிவு செய்கிறது. எந்த ஆலோசனை நிறுவனத்துக்கும் பணம் கொடுக்காமல், எந்தக் குடியிருப்பிலிருந்து எந்த மணிக்கு எத்தனை பெண்கள் எங்கே போகிறார்கள் என்ற விவரம் மைசூரு கோட்டத்தின் கணினியில் நாள்தோறும் சேர்கிறது. 2012-ல் பொருத்தப்பட்ட கருவிகள் பேருந்து எங்கே என்று சொல்லின. இந்த டிக்கெட்டுகள் பயணி எங்கே என்று சொல்லும். தடங்களை மாற்றி வரைய இதைவிடச் சிறந்த ஆவணம் கிடைக்காது.

அந்த டிக்கெட்டுகளின் மதிப்பை மாநில அரசு கழகத்துக்கு ஈடு செய்ய வேண்டும். கழகங்களின் நிதிநிலை எப்படி இருந்தது என்பதற்கு இரு நிகழ்வுகளே போதும். 2025 ஜனவரி 5 முதல் பேருந்துக் கட்டணம் 15 சதவீதம் உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ல், 38 மாத ஊதிய நிலுவையைக் கோரி ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். உயர் நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின்னரே அது நிறுத்திவைக்கப்பட்டது. நிலுவை வைத்திருக்கும் கழகத்திடம் புதிய நஷ்டத் தடங்களைத் தொடங்கச் சொல்வது எளிதல்ல. இணைப்புத் தடங்களின் பற்றாக்குறையைக் கழகத்தின் நஷ்டமாக அல்லாமல், தெருவிளக்கின் மின்கட்டணத்தைப் போல நகரத்தின் செலவாகக் கணக்கிட வேண்டியிருக்கும். வாகன நிறுத்தக் கட்டணம், மனைப்பிரிவு ஒப்புதலின்போது வசூலிக்கும் மேம்பாட்டுக் கட்டணம், தொழிற்பேட்டை நிறுவனங்களின் பங்கு என அதற்கு வழிகள் உண்டு. தொழிலாளர்களை ஏற்றிவரத் தனியார் பேருந்துகளை வாடகைக்கு எடுக்கும் ஆலைகள், அதே பணத்தில் ஒரு பகுதியைப் பொதுத் தடத்துக்குத் தந்தால் இரவுப் பணி முடிந்து வரும் மற்றவர்களுக்கும் பேருந்து கிடைக்கும்.

சட்டத்தில் இடமும் இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் நாடாளுமன்றம் செய்த திருத்தத்தில், 67-வது பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. கடைசித் தூர இணைப்புக்காக மாநில அரசு தனித் திட்டம் வகுத்து உரிமம் வழங்கலாம் என்கிறது அது. அபராதத் தொகை உயர்வு பற்றிய அமளியில் இந்த உட்பிரிவை அப்போது எவரும் கவனிக்கவில்லை.

மத்திய அரசு 2025 ஜூன் 16-ல் வெளியிட்ட அறிவிக்கையின்படி, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான தேதி 2027 மார்ச் 1. அந்தக் கணக்கில் மைசூரு பத்து லட்சத்தைத் தாண்டினால், 243-இசட்.இ. பிரிவின்படி பெருநகரத் திட்டக் குழு அமைக்க வேண்டிய கட்டாயம் மாநில அரசுக்கு ஏற்படும். மாநகராட்சியும், ஹூட்டகள்ளியும், பட்டணப் பஞ்சாயத்துகளும் ஒரே மேஜையில் அமர்ந்து பேருந்துத் தடத்தைப் பற்றிப் பேச அப்போதுதான் சட்டப்படியான இடம் கிடைக்கும்.